அம்மா அடித்த பெரட்டு மணி

என் அம்மாவை வீட்டை விட்டுக் கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஈப்போவில் புதுக் கடைத்தொகுதி திறந்தால் "அங்க என்ன இருக்கு?" என்பார். கேமரன் மலைக்குக் கூப்பிட்டால் "குளுரும்" என்பார். அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பசியாறிக்கூட முடிக்கவில்லை, பட்டுப்புடவையோடு கூடத்தில் வந்து நின்றார்.

"சுங்காய் பக்கம் போலாம். மியூசியம் பாக்கணும்."

குனோங் ராபாட் தாண்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துப் பெரட்டு மணி, அந்தப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். கல்யாண வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மணி என்றால் அழகான மணி ஒன்றும் இல்லை. மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. விடியுமுன் அதை அடித்தால், பால்மரம் வெட்டுகிற அத்தனை பேரும் ஓடி வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதுதான் பெரட்டு.

"அத ஒரே ஒரு தடவ நான் அடிக்கணும்," என்றார் அம்மா.

கார் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறிவிப்புப் பலகை எதைச் சொன்னாலும் கேட்கிற மனிதர் அவர். "அங்கல்லாம் எதையும் தொடக்கூடாது அத்தை," என்றார்.

"பாத்துக்கலாம் மாப்பிள்ள."

அம்மா ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலில் கிடந்த என்னைப் போட்டுவிட்டு வர மனசு வராமல், ஒருநாள் பெரட்டுக்குப் பிந்திவிட்டார். மூச்சிரைக்க ஓடியும் பயனில்லை. கங்காணி எல்லார் முன்னாலும் "உனக்கு இன்னிக்கு வேல இல்ல, போ" என்று திருப்பி அனுப்பினாராம். இதை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். அப்போதும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. கேட்டதிலிருந்து எனக்கும் ஆறவில்லை.

அருங்காட்சியகம் என்பது கடைத்தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். பால் வாளி, உளி, மரத்துப் பால் பிடிக்கிற மங்கு எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அம்மா எதையும் சீண்டவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கே உத்தரத்தில் அது தொங்கியது, துருப்பிடித்து, நான் நினைத்ததைவிடச் சின்னதாக. பக்கத்திலேயே மலாயில் 'தொடாதீர்கள்' என்று பலகை.

அதைப் பார்த்ததும் என் கணவர், "நான் கார்ல இருக்கேன்," என்று நழுவிவிட்டார்.

அம்மா பொறுப்பாளரைக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. "தம்பி, ஒரு தடவ அடிச்சுக்கட்டுமா?"

"உங்களுக்குக் குடுத்தா வர்றவங்க எல்லாரும் கேப்பாங்களேம்மா."

"வர்றவங்க எல்லாரும் இந்தச் சத்தத்துக்கு ஓடினவங்களா தம்பி? நான் ஓடியிருக்கேன்."

அவர் அம்மாவையே பார்த்தார். பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்து நீட்டினார். "சரி லா மா. ஒரு தடவ மட்டும்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி அடித்தார்.

அப்பப்பா, என்ன சத்தம்! கண்ணாடிப் பெட்டிக்குள் மங்குகள் கிடுகிடுத்தன. எதிர்க் கோப்பிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடித்தது என் அம்மா என்று அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போல் இருந்தது. அத்தனை பெருமை எனக்கு.

அப்போது வாசலில் தடதடவென்று காலடி. என் கணவர்தான். அம்மாமேல் ஏதோ விழுந்துவிட்டது என்று பயந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு, மூச்சு வாங்க ஓடி வந்தார்.

அம்மா கையில் கம்பியோடு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மெதுவா வாங்க மாப்பிள்ள. இங்க லேட்டா வந்தா யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்."