இளசாகக் கப்பலேறிய வாழை

வளைகுடாக் கடலில் பதற்றம் என்று செய்தி வந்த வாரம், மார்க்கையன்கோட்டை ஆரோக்கியத்தின் தோட்டத்தில் வாழைத் தார்கள் திரண்டுகொண்டிருந்தன. நான் அப்போது சின்னமனூர்ப் பக்கம், காயைக் கழுவிப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பேக் ஹவுஸில் மேனேஜர். முந்தைய வருடக் கோடைக்காற்று அவர் தோட்டத்தை மொத்தமாகச் சாய்த்திருந்தது. இந்த வெட்டும் வீணானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாக வேண்டும்.

பேப்பரை வரி விடாமல் படித்து, முக்கியமானதைத் தேதி போட்டுக் கத்தரித்து வைப்பது என் பழக்கம். வளைகுடா நாடுகளின் கூட்டமைப்பும் அண்டை நாடுகளும் சேர்ந்து சரக்குக் கப்பல்களுக்குக் கடற்படைக் காவல் தரப்போவதாக ஒரு செய்தி. "அப்ப கப்பல் போயிரும்" என்று ஆபீசில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அதில் இன்னொன்று தெரிந்தது. காவலோடு போகும் கப்பல்கள் கூட்டமாகத்தான் போகும். கூட்டம் சேரும்வரை கடலில் காத்து நிற்கும். திரண்ட காய் அதுவரை தாங்காது. ஒன்று பழுத்தால் குளிர் கன்டெய்னர் முழுக்கப் பழுத்துவிடும்.

காயின் பட்டை விளிம்பு மழுங்கி உருண்டையாகும் முன்பே, இளசாகவே வெட்டச் சொன்னேன்.

"ஏன் மேனேஜரே, இப்பத்தான் காய் சதை பிடிக்குது. எடை எங்கன நிக்கும்?" என்று ஆரோக்கியம் சண்டைக்கு வந்தார்.

"கப்பல் நின்னு நின்னு போகும்ணே. வழியில பழுத்துரும்."

"உமக்கு யாரு சொன்னாக? கப்பல்காரன் உம்ம மச்சானா?"

"பேப்பர்ல போட்டிருக்கு."

"பேப்பரா என் வாழைக்குத் தண்ணி பாய்ச்சுச்சு?"

வெட்டு ஆட்கள் சிரித்தார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "போன வருசமும் இன்னும் கொஞ்சம் திரளட்டும்னுதான விட்டீக? காத்து என்னத்த மிச்சம் வச்சுச்சு? அருவாள எடுங்க."

அன்றே வெட்டினோம்.

நினைத்தபடியே கப்பல் கடலில் காத்து நின்றது. பிறகு காவலோடு கரை சேர்ந்தது. கூட்டமைப்பு நாடுகளின் பொதுச் சுங்க ஏற்பாட்டில், இறங்கிய துறைமுகத்தோடு சோதனை முடிந்தது. அடுத்த நாட்டு எல்லையில் மறுபடி கன்டெய்னர் கதவைத் திறக்கவில்லை, குளிர் போகவில்லை. அங்கே சரக்கெடுக்கும் மலையாளி வியாபாரி போனில் கத்தினார்: "சாரே, பாக்கி பேரோட சரக்கெல்லாம் மஞ்சளாயிப் போயி! உங்க காய் மட்டும் நல்ல பச்சை! அடுத்த லோடும் எனக்கே வேணும், கேட்டோ!"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பேக் ஹவுஸே கைதட்டியது. ஆரோக்கியத்தின் குத்தகைப் பேச்சும் அன்றோடு நின்றது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லாரி கேட்டைத் தாண்டியதும் நம் வேலை முடிவதில்லை. எங்கோ நாடுகள் கூடிப் பேசி முடிவெடுத்தால், இங்கே தார் வெட்டும் நாள் மாறும்.

அடுத்த வெட்டுக்கு முன்பு ஆரோக்கியமே பேக் ஹவுஸுக்கு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேனேஜரே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?"