பூபாளத்தில் ஒரு ஜெர்மன் விடியல்

வெங்காயம் அரிந்துகொண்டே, "இன்னும் விடியலை, போகாதே" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார் நாகவள்ளி அப்போதெல்லாம். கெஞ்சுவது எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் மொழியில், ராகம் போட்டு. கணவர் கௌரிசங்கரோ டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடுவார்.

வளைகுடா நாட்டில், கராமா பகுதியில் இவர்களின் எதிர்வீட்டுக்காரி நான். ஜெர்மன் என்றால் எனக்குக் கார்தான் ஞாபகம் வரும். அந்த நாட்டுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸுகளுக்குத் தன் வீட்டு ஹாலில் ஜெர்மன் சொல்லித்தருவது நாகவள்ளியின் தொழில். நைட் டியூட்டி முடித்துக் காலையில் நேரே வருகிறவர்களுக்குக் கண் சொருகும். "தூங்குனா இலக்கணம் ஏறாதுடி, எந்திரிங்க, பாடுவோம்" என்பார், மதுரையை இன்னும் விடாத பேச்சில்.

பாட்டு என்றால், அந்தக் காலத்துக் குதிரை வீரர்கள் கோட்டைகளில் பாடிய காதல் பாட்டு. வீரன் பெரிய இடத்துப் பெண்மேல் ஆசை வைத்து உருகுவான். அவள் பெயரை மட்டும் சொல்லவே மாட்டான். "நம்ம அகப்பாட்டுலயும் பேர் சொல்லக் கூடாதுல்ல விஜி? அதே சட்டந்தான்" என்றார் என்னிடம் ஒரு நாள். ஒருவரையொருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு கூட்டம் ஒரே மாதிரி வெட்கப்பட்டிருக்கிறதே, அம்மாடி! அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

அவற்றில் விடியல் பாட்டு என்று ஒரு வகை. ரகசியமாகச் சேர்ந்திருக்கும் காதலர்களை, வெளிச்சம் வருமுன் கோபுரத்துக் காவல்காரன் பாடி எழுப்புவான். காதலி அவனோடு மல்லுக்கு நிற்பாள். மெட்டுகள் பெரும்பாலும் தொலைந்துபோய்விட்டனவாம். "அதுக்காக விட்டுருவமாக்கும்?" என்று இவரே விடியற்கால ராகமான பூபாளத்தில் மெட்டுப் போட்டுவிட்டார். காதலி எப்போதும் இவர்தான். மேல் ஸ்தாயியில் அவர் இழுக்கும்போது, ஒரு சொல் புரியாமலே நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பேன்.

போன வருஷம் அவர் தொண்டையிலேயே வந்தது வினை. தைராய்டு கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மாறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பேச்சு வந்தாப் போதும்ங்கிறாங்க எல்லாரும். எனக்குப் போதாது விஜி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கட்டி போயிற்று. பேச்சும் வந்தது, கரகரவென்று, ஆண்பிள்ளைக் குரலாக. திரும்ப வகுப்பு தொடங்கிய காலை நானும் போய் உட்கார்ந்தேன். கழுத்துத் தழும்பு தெரியாமல் முந்தானையைச் சுற்றியிருந்தார். காதலியின் அடியை எடுத்தார், குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார், வெறும் காற்றுதான் வந்தது. நர்ஸுகள் யாரும் நிமிரவில்லை. அவர்களில் ஒருத்தி, கீழக்கரை நஸீரா, எழுந்துவிட்டாள். "வேணாம் மேடம், தொண்டைய வருத்திக்கிறாதிய."

நாகவள்ளி தண்ணீர் குடித்தார்.

"நீ அவளைப் பாடு நஸீரா. காவக்காரன் குரல் எனக்கு இப்பத்தான் வந்திருக்கு."

அவர் கழுத்திலிருந்து முந்தானையை எடுத்தார். இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, அடித்தொண்டையில் பாட ஆரம்பித்தார்.