உட்காராத டீச்சர்

ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் என்னைப் புகழ்ந்த அன்று, நான் இரண்டு சானிட்டரி பேட்களை ஒன்றாக வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். எந்தப் பாடவேளையிலும் நான் கதிரையில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லையாம். மற்றவர்களும் அப்படி இருக்க வேண்டுமாம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு கலஹாவில். எனக்கு மாதவிடாய் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சில நேரம் இருபது நாளில் வரும், சில நேரம் இரண்டு மாதமாகும். வந்தால் பத்து நாளுக்கு ஓயாது. ஒருமுறை வகுப்புக் கதிரையில் கறை பட்டுவிட்டது. பிள்ளைகள் பார்க்குமுன் விடைத்தாள் கட்டை அதன்மேல் வைத்து, மணி அடிக்கும்வரை காவல் நின்றேன். அதற்குப் பிறகு உட்காருவதையே விட்டுவிட்டேன். பேராதனை வழியாக வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் யாருக்காவது கொடுத்துவிடுவேன். அங்கேயும் எனக்கு நல்ல பெயர்.

டொக்டரிடம் போகத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, அக்காவுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அதற்கு 'நல்ல ரத்த ஓட்டம்' என்று பெயர்.

பாடசாலை ஆண்டின் இரண்டாம் தவணையில் ஒருநாள், பின்னங்களை விளக்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி விழுந்துவிட்டேன். விழித்தபோது ஆசிரியர் அறையில் கிடந்தேன். ஓய்வில்லாத உழைப்புதான் காரணம் என்று அதிபர் வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து விஞ்ஞான டீச்சர் என் பக்கத்தில் இருந்தார். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது உமக்கு?"

"பதினொரு நாள். வழமையா அப்படித்தான்."

"அது வழமை எண்டு ஆர் சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். யாருமே சொல்லவில்லை.

அன்று பின்னேரமே அவர் என்னை டொக்டரிடம் கூட்டிப்போனார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை என்றார் டொக்டர். என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டார். நடமாடியதற்குப் பாராட்டு வாங்கியதை நான் சொல்லவில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் தந்தார். நான்கு மாதத்தில் போக்கு பாதியாகக் குறைந்தது. படியேறும்போது மூச்சு வாங்குவது வயதால் அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவிடம் சொன்னேன். தனக்கு ஒன்றுமில்லை என்றாள். படித்தவர்களுக்குத்தான் இந்த நோயெல்லாம் வரும் என்றாள். மூன்று வாரம் கெஞ்சி, ஒரு லீவு நாளில் கூட்டிப்போனேன். டொக்டரிடமும் தான் சுகமாக இருப்பதாகவே சாதித்தாள். பரிசோதனை முடிவு வந்தபோது டொக்டர் எங்கள் இருவரையும் சேர்த்தே ஏசினார்.

மருந்து எழுதிய துண்டோடு வெளியே வந்ததும் அக்கா என் கையைத் தட்டினாள்.

"பாத்தியா, ஒன்னய விட எனக்குத்தான் ரத்தம் கொறவு," என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.