யேசோபு பத்தியம் முறித்தது

குண்டூர் மிளகாய் மார்க்கெட் யார்டில் மூட்டை தூக்குகிறவனுக்கு உடம்பில் இரண்டு இடம் சீக்கிரம் கெடும். ஒன்று மூச்சு, இன்னொன்று அடிவயிறு. யேசோபுவுக்கு நாற்பத்தேழு வயதிலும் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அடிவயிறுதான் போயிற்று. வலது தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகும், முதுகில் மூட்டை ஏறினால் வெளியே வரும். இரண்டு வருடம் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூக்கினான். மூன்றாம் வருடம் எலுமிச்சை சாத்துக்குடி ஆனது.

"இதை வெச்சுக்கிட்டு ஒருநாள் நீ மூட்டையோட என் ஆளுங்க மேல விழுவ. போய் அறுத்துட்டு வந்து சேரு" என்றான் அவன் கோஷ்டியின் மேஸ்திரி கோட்டேஸ்வர ராவ்.

பதிமூன்று வயதில் யார்டுக்குள் வந்தவன் யேசோபு. நடுவில் ஒருமுறை, யாரோ சொன்னார்கள் என்று ஒரு குளிர்பதனக் கிடங்கில் வாட்ச்மேனாகப் போனான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை. நான்காம் நாளே சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு யார்டுக்குத் திரும்பிவிட்டான். மூட்டையைத் தொப்பென்று போடமாட்டான் என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. மிளகாய் நொறுங்காமல் இறக்குகிற கை. வியாபாரிகள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். அவன் சம்பாதித்து வைத்தது என்று சொன்னால் அந்தப் பெயர் ஒன்றுதான்.

தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. தசையில் ஓட்டை விழுந்த இடத்தில் கொசுவலை மாதிரி ஒரு வலைத் துண்டை வைத்துத் தைத்து மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். ஏழாம் நாள் தையல் சிவந்தது. எட்டாம் நாள் சீழ் வந்தது. அந்த டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். அடுத்த தடவை போனபோது வீட்டில் சுத்தம் போதாது என்றார். மூன்றாம் தடவை போனபோது அவர் ஊரில் இல்லை என்றார்கள். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவனை அவன் மனைவி சுவார்த்தம்மா ஆட்டோவில் தூக்கிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

அங்கே ஹிமபிந்து என்று ஒரு பெண் டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும், குரல் மட்டும் அறுபது வயதுக் குரல். அன்றைக்கே தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். புண்ணை மூடாமல் திறந்தே விட்டு, தினமும் கழுவித் துணி திணித்துக் கட்டச் சொன்னார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. எல்லாரும் பத்து நாளில் வீடு என்று நினைத்தார்கள். இருபத்திரண்டு நாள் ஆகியும் புண் அப்படியே இருந்தது. ஒரு தீப்பெட்டியை உள்ளே வைக்கலாம். அடியில் அந்த வலை தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் கட்டில் ஓரம் நின்று சொன்னார். "யேசோபு, நல்லா கேட்டுக்கோ. வலை மேல புதுச் சதை ஏறணும். வர்ற திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன். ஏறலேன்னா வயித்தைத் திரும்பத் திறந்து வலையை எடுக்கணும்."

"எடுத்தா?"

"புண்ணு ஆறிடும். ஆனா குடல் பழையபடி இறங்கும். அப்புறம் மூட்டைங்கிற பேச்சே கிடையாது."

"மேடம், அப்ப நான் என்ன பண்றது?"

"வாட்ச்மேன் வேலை ஏதாவது பாரு" என்றார் அவர், இவன் கதை தெரியாமல். பிறகு கோப்பைப் புரட்டி நெற்றியைச் சுருக்கினார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தினம் நாலு முட்டை, பருப்பு, பால்னு எழுதியிருக்கேன். ரத்தத்துல புரோட்டீன் ஏறவே மாட்டேங்குது. உள்ள போறதெல்லாம் எங்கய்யா போகுது?"

யேசோபு கூரையைப் பார்த்தான். சுவார்த்தம்மா தரையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் சாம்பய்யா போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார்.

முட்டை போன இடம் அந்தப் போர்வைக்குள்தான் இருந்தது.

ஆபரேஷன் ஆன உடம்புக்குப் பருப்பு போட்டால் சீழ் வைக்கும், முட்டையும் கத்திரிக்காயும் புண்ணைக் கிளறும் என்பது அந்தப் பக்கத்தில் பாலூட்டும்போதே சொல்லிக்கொடுக்கிற சங்கதி. பீர்க்கங்காய் சாப்பிடலாம், புடலங்காய் சாப்பிடலாம், மிளகுச் சாறு என்கிற ரசம் விட்ட சோறு சாப்பிடலாம். சுவார்த்தம்மா இந்தப் பத்தியத்தை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் வீட்டுக்குப் போய், எண்ணெய் காட்டாத பீர்க்கங்காய்க் கறியும் சாறும் கேரியரில் கொண்டுவருவாள். ஆஸ்பத்திரி வண்டியில் வருகிற முட்டையையும் பருப்பையும் வாங்கிச் சாம்பய்யா தட்டில் வைத்துவிடுவாள்.

சாம்பய்யாவுக்கு அறுபத்திரண்டு வயது; புருஷனும் பெண்டாட்டியும் அவரைப் பாபாயி, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டார்கள். சொந்த எருது தொடையில் குத்திக் கிழித்துவிட்டது. பெண்டாட்டி இல்லை, இரண்டு பிள்ளைகளும் ஹைதராபாத்தில். கூட இருக்க ஆளில்லாத மனுஷன் என்று இரக்கப்பட்டுத்தான் அவள் கொடுத்தாள். பத்தியம் காக்கச் சொல்ல ஆளில்லாத அவரும் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். தன் நாலு, இவன் நாலு, ஆக எட்டு முட்டை.

"பாபாயி, உங்க புண்ணு சீழ் கட்டினா என்னைக் கேக்கக் கூடாது" என்று அவளே ஒருநாள் பயந்துபோய்ச் சொன்னாள்.

"எருது குத்தி சாகாதவன் கோழிமுட்டை குத்தியா சாகப்போறேன். வையம்மா" என்றார்.

சனிக்கிழமை காலை, கட்டுப் போடுகிற பாஷா தள்ளுவண்டியோடு வந்தான். புண்ணைக் கழுவும்போது யேசோபு எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். இருபத்தைந்து நாளில் ஒரு தடவைகூடத் தன் வயிற்றை அவன் பார்த்ததில்லை. அன்றைக்கு முதலில் சாம்பய்யாவின் கட்டைப் பிரித்த பாஷா, "தாத்தா, உமக்கு எருது வைத்தியம் பார்த்துச்சா? நாலு நாள்ல மூடிடும் போலிருக்கே" என்றான்.

யேசோபு கையூன்றி எழுந்து எட்டிப் பார்த்தான். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குப் புண். ஆனால் உள்ளே சீழ் இல்லை, நாற்றம் இல்லை. மாதுளை முத்து மாதிரிச் சிவப்பாக, மணிமணியாகச் சதை மேலே ஏறி வந்திருந்தது.

"எத்தனை நாளாச்சு பாபாயி உங்களுக்கு?"

"உனக்கு நாலு நாள் பின்னாடி வந்தவன்யா நான்."

"பாஷா, என்னோடதைப் பிரி. நான் பாக்கணும்."

"பயந்துக்குவே அண்ணா."

"பிரிடா."

பார்த்தான். ஊறிப்போன தோல் மாதிரி வெளுத்த குழி. அடியில் வலையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரித் தெரிந்தன. ரத்தம் செத்த வெளுப்பு. அவன் சாம்பய்யாவின் தொடையை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுவார்த்தம்மாவைப் பார்த்தான்.

"ஏண்டி, எனக்கு அந்த முட்டையைக் குடு."

"மாமா, பேசாம படு."

"நாளன்னிக்குத் திங்கட்கிழமை. வலையை உருவிட்டா என்னை நாற்காலில உக்காத்தி வெப்பாங்க. குடு."

"குடுக்க மாட்டேன்."

"அந்தக் கிழவன் எட்டு முட்டை தின்னு எருது மாதிரி இருக்கான், நான் பீர்க்கங்காய் தின்னு பீர்க்கங்காய் மாதிரியே ஆயிட்டேன். உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

"அவருக்கு ஒத்துக்குது. உனக்கு ஒத்துக்கல. ஒருதரம் குடுத்துப் பாத்தது போதும்" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

யேசோபுவுக்கு அப்போதுதான் விளங்கியது. நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், சாறு சோறு இறங்கவில்லை என்று அவன்தான் கெஞ்சினான். மனசு கேட்காமல் அவள் இரண்டு கவளம் கெட்டிப் பருப்பில் ஆவக்காய் ஊறுகாய் பிசைந்து ஊட்டினாள். அதற்கு மூன்றாம் நாள் தையல் சிவந்தது. அன்றிலிருந்து இந்தச் சீழ் தன் கையால் வந்தது என்று அவள் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். மூட்டை தூக்குகிறவன் அவன். இந்தச் சுமை அவன் கண்ணில் படவே இல்லை.

டாக்டர் சுற்றுக்கு வந்தபோது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பய்யாதான் உடைத்தார். "அம்மா, என்னைத் திட்டாதீங்க. அவன் முட்டையெல்லாம் என் வயித்துல இருக்கு."

ஹிமபிந்து கோப்பை மூடினார். கேரியரைத் திறந்து பீர்க்கங்காயைப் பார்த்தார். வார்டே கேட்கிற மாதிரித் திட்டினார். "நான் ராத்திரி பகல் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன், நீங்க இங்க அன்னதானம் நடத்துறீங்களா? வீடு கட்டணும்னு சொல்லிட்டு செங்கல்லை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தா சுவர் எப்படிய்யா எழும்பும்? படிச்சவங்க சொல்றதைக் கேக்கக் கூடாதுன்னு ஏதாவது சத்தியமா?"

சுவார்த்தம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். யேசோபு சொன்னான்: "மேடம், அவளைத் திட்டாதீங்க. ஆபரேஷன் ஆகி நாலாம் நாள் பருப்பு ஊட்டிட்டா. அதுலதான் சீழ் வந்துச்சுன்னு நினைச்சிட்டிருக்கா."

டாக்டரின் குரல் இறங்கியது. ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. இந்தக் கிருமி ஆபரேஷன் மேஜையில உள்ள போனது. வெளிய தெரிய அஞ்சு ஆறு நாள் ஆகும். நீ பருப்பு ஊட்டும்போது அது ஏற்கனவே உள்ள உக்காந்திருந்தது. கருவி சரியா கொதிக்கலையோ, கை சரியா கழுவலையோ, எனக்குத் தெரியாது. எல்லாம் சரியா செஞ்சாலும் சில நேரம் வரும். என் கையாலயும் வந்திருக்கு. வந்தா, வந்ததுன்னு சொல்லிப் பாக்கணும். அந்த டாக்டர் அதைச் சொல்லாம சுத்தம் போதாதுன்னு உன் தலையில கட்டிட்டாரு. நீயும் கட்டிக்கிட்ட."

"அப்ப பருப்பு..."

"பருப்பு ஒண்ணும் பண்ணல. ரெண்டு கவளம் இல்ல, ரெண்டு குண்டான் ஊட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

சுவார்த்தம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுது யேசோபு பார்த்ததில்லை. பாஷா தள்ளுவண்டியைச் சத்தமில்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்த்திக்கொண்டு போனான். அவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து எழுந்தாள். சாம்பய்யாவின் தட்டில் இருந்த முட்டைகளில் நாலை எண்ணி எடுத்து யேசோபு தட்டில் வைத்தாள்.

"இது அநியாயம். வாய்க்கிட்ட வந்ததைப் பிடுங்குறியே" என்றார் சாம்பய்யா.

"தின்னது போதும் பாபாயி. உங்க எருது உங்களை அடையாளம் தெரியாம மறுபடியும் குத்தப்போகுது."

இரண்டு நாள் முட்டையில் சதை ஏறிவிடாது என்பது யேசோபுவுக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை அவன் முகம் மழித்து, கை கால் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். டாக்டர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அழுத்தினார். வெள்ளைத் துணியை நுழைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"சதை ஏறல" என்றார்.

யேசோபு கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆனா சீழும் இல்ல, காய்ச்சலும் இல்ல. ஏன் ஏறலன்னு இப்பத்தான் காரணம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சப்புறம் அறுக்க எனக்கு மனசு வரல. இன்னும் பதினஞ்சு நாள் தர்றேன். நடுவுல காய்ச்சல் வந்தா ஒரு பேச்சு இல்ல, நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

அந்தப் பதினைந்து நாளும் சுவார்த்தம்மா அவன் வாயைக் காவல் காத்தாள். நாலு முட்டை, இரண்டு வேளை பருப்பு, பால், வியாழக்கிழமை கல்லீரல், ஞாயிற்றுக்கிழமை மீன். போதும் என்று அவன் கையைக் குறுக்கே வைத்தால் கையை விலக்கிவிட்டுப் போட்டாள். ஆறாம் நாள் பாஷா கழுவும்போது ஓரத்தில் ஒரு பொட்டுச் சிவப்பைக் காட்டினான். கொத்தமல்லி விதை அளவுதான் இருந்தது. யேசோபு அதை மேஸ்திரிக்குப் போன் போட்டுச் சொன்னான். "இதுக்கெல்லாமா போன் பண்ணுவ? வேலை இருக்கு" என்று சொன்ன கோட்டேஸ்வர ராவ், சாயங்காலமே கோஷ்டியில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்து நின்றான். மிளகாய் நெடியில் வார்டு முழுக்கத் தும்மியது. சிஸ்டர் அவர்களை விரட்டினாள்.

பதினைந்தாம் நாள் வலை கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் சதை மூடியிருந்தது. ஐம்பத்தொன்றாம் நாள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் சுவார்த்தம்மா அந்த வார்டை விடவில்லை. மறுபரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கட்டில் கட்டிலாகப் போய்க் கேரியர்களைத் திறந்து பார்ப்பாள். பக்கத்துப் பெண்கள் வார்டில் ஒரு மருமகளுக்குப் பீர்க்கங்காய் கொண்டுவந்த மாமியாரிடம், "அம்மா, ஊட்டுறதுக்குக் காய் இருக்கு, ஆறுறதுக்கு எதைக் குடுக்கப்போறீங்க?" என்று ஆரம்பித்துக் கைகலப்பு வரை போயிற்று. ஹிமபிந்துதான் நடுவில் வந்து மாமியாரைத் திட்டினார்.

ஆறு மாதம் அவன் யார்டில் மூட்டை வாய் தைக்கிற வேலை பார்த்தான். அது உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். ஏழாம் மாதம் டாக்டர் அவனை நிற்கவைத்து, இடுக்கில் விரலை அழுத்தி, இருமச் சொன்னார். இருமினான். இன்னும் பலமாக என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருமினான்.

"ஒண்ணும் வரல" என்றார் டாக்டர். "முதல் மாசம் பாதி எடை. ஏமாத்தினா எனக்குத் தெரியும்."

மறுநாள் காலையில் கோட்டேஸ்வர ராவ் பாதி மூட்டை ஒன்றைத் தனியாகக் கட்டவைத்திருந்தான். இரண்டு பேர் தூக்கி யேசோபுவின் முதுகில் வைத்தார்கள். சுற்றி வேலை நின்றுவிட்டது.

"என்ன பாக்கறீங்க, இது என்ன கல்யாண ஊர்வலமா? அவனவன் மூட்டையைப் பாருங்கடா" என்று மேஸ்திரி கத்தினான். அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

யேசோபு தராசு வரை நடந்தான். முழங்காலை மடக்கி, மிளகாய் ஒன்றுகூட நொறுங்காமல், மூட்டையை மெதுவாக இறக்கினான். பிறகு லுங்கிக்குள் கைவிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். தழும்பு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. நிமிர்ந்து அடுத்த மூட்டைக்குத் திரும்பி நடந்தான்.