கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் ஒரு பள்ளம்

முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எழுதிய ஒரு இங்கிலீஷ் கூட்டுப்பாட்டு, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எப்படி உயிரோடு எழுந்து வருகிறது என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் ராயபுரம் கோயிலைப் பொறுத்தவரை காரணம் நான்தான்.

பாட்டு முடியும் நேரத்தில் நான்கு குரலும் அல்லேலூயா, அல்லேலூயா என்று கன்டெய்னர் லாரி மாதிரி வேகமெடுத்து வந்து சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சளவு மௌனம். அப்புறம்தான் கடைசி அல்லேலூயா, அலை கரையில் படுப்பதுபோல. அந்த மௌனத்துக்கு எங்கள் பாடகர் குழு வைத்த பெயர் பள்ளம். இருபது வருடமாக, எல்லோரும் நின்றபின்னும் ஒரு அல்லேலூயா கத்தி அதில் தனியாக விழுந்தவன் நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தொண்டை. தூசி குடித்தது, திறந்தால் மூடாது.

போன டிசம்பர் ஒத்திகையில், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மாஸ்டர் சொல்லிவிட்டார்: "சிக்னல் வுழறதுக்கு முன்னயே கெளம்புறியே நைனா, இன்னா அவசரம்? இந்த வாட்டியும் வுழுந்தே, அடுத்த வருசம் கீழ நின்னு நாற்காலி போடு."

கோட்டு மாட்டிப் பாடகர் மேடையில் நிற்கும் அந்தப் பின்வரிசையை விட்டால் எனக்கு உயரமான இடம் கிரேன் மேல்தான். அங்கே என்னை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆகவே வாயை மூடப் பழகினேன். வீட்டில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் பாட்டு ஓடிவந்தது, நின்றது. நாக்கைக் கடித்தேன். மௌனம். இன்னும் மௌனம். மாஸ்டரின் தூக்கிய கை இறங்கவேயில்லை. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடமும் நான் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவர் கையை இறக்கியிருக்கிறார். முன்பெஞ்சுகள் திரும்பி என்னைத் தேடின. மூன்றாவது பெஞ்சில் காசிமேட்டு மீன்காரம்மா பொறுக்கமாட்டாமல் எழுந்து, ஏலக் குரலில் ஒரு அல்லேலூயா விட்டார். கை விழுந்தது. நாங்கள் முடித்தோம்.

வாசலில் மீன்காரம்மா என்னை மறித்தார். "இன்னா அண்ணாத்த, ஒடம்பு சரியில்லியா? நீ கத்துறத கேக்கத்தான் வருசா வருசம் யாவாரத்த வுட்டுட்டு வந்துகினு கீறேன்."

"அந்த இங்கிலீஷு புரியுதாம்மா?"

"நீ வுழற எடம் புரியுதுல்ல? மத்ததுலாம் இன்னாத்துக்கு?"

பின்னாலேயே மாஸ்டர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் என் கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடி பேசினார்.

"எடம் ஒன்னுதுதான் நைனா. ஆனா அந்தம்மாவ ஒம் பக்கத்துல நிறுத்திக்கலாம்னு பாக்குறேன்."