போன் முள்ளும் என் மனைவியின் காதும்

மூன்று வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில், ஐதராபாத் குகட்பள்ளியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கதவுக்கு ஒரு கீல் தேவைப்பட்டது. அந்தக் கீலில் ஆரம்பித்ததுதான் இவ்வளவும்.

நான் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். பூர்வீகம் வேலூர் பக்கம். காலையில் குளித்து, முருகனுக்கு விளக்கேற்றி, விபூதி பூசிக்கொண்டு, ஏதாவது ஒரு இரும்பை அரத்தால் ராவ ஆரம்பித்தால் அன்றைய நாள் எனக்கு நல்ல நாள். ஓய்வுக்குப் பிறகு ராவுவதற்கு இரும்பு இல்லாமல்தான் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

கீல் தேடி ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். உடைந்த ஏர்கூலர்களுக்கு அடியில் ஒரு நீளமான மரப்பெட்டி மாதிரி ஒன்று கிடந்தது. மேலே துருப்பிடித்த தந்திகள். அடியில் வரிசையாக மெல்லிய ராடுகள். தனியே கழற்றி வைத்த நான்கு கால்கள், மூன்று பெடல்கள். என்ன இயந்திரம் என்று தெரியவில்லை. ஆனால் ஒரு ராடை இழுத்தால் உள்ளே ஒரு சின்னத் துண்டு நகர்ந்தது. யாரோ ஒருவன் மிக நுட்பமாக யோசித்துச் செய்திருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததைக் கண்ட கடைக்காரர், "கைக்கு சோச்ரே சாச்சா, லேஜாவ்" என்றார். எதற்கு யோசனை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அர்த்தம். எடை போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

ஆட்டோவில் இருந்து இறக்கும்போதே எதிர்வீட்டு அம்மா தெலுங்கில், "அதி குட்டு மிஷனா அண்டி?" என்று கேட்டார். தையல் மிஷினா என்கிறார். என் மனைவி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"கீல் வாங்கியாந்தீங்களா?"

அதை மறந்துவிட்டிருந்தேன்.

சாயந்திரம் ஆபீஸில் இருந்து வந்த என் மகள் அதைப் போட்டோ எடுத்து போனில் தேடி, "டாடி, இது கிட்டார்" என்றாள். கிட்டாருக்குக் கால் எதற்கு, பெடல் எதற்கு என்று நான் சிரித்தேன். அவள் வீடியோ போட்டுக் காட்டினாள். பெடல் ஸ்டீல் கிட்டாராம். முன்னால் உட்கார்ந்து, தந்திகள் மேல் ஒரு உருண்டை இரும்பை வழுக்கிக்கொண்டே போகிறார்கள். காலால் பெடலை அழுத்தினால் உள்ளே ராடு இழுத்து, தந்தியின் சுரம் தானாக மேலே ஏறுகிறது. முழங்காலால் தள்ளவும் நெம்புகோல் உண்டு. நாதஸ்வரத்தில் ஒரு குழைவு வருமே, அந்த மாதிரி அழுதது. நம் நாட்டில் இது அபூர்வம், சரி செய்தால் வாங்க ஆள் இருப்பார்கள் என்றாள் மகள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

எட்டு மாதம் ஆனது. ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த இடம் என்று நூல் கட்டி அடையாளம் வைத்தேன். பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து கல்லாகிப் போயிருந்ததை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினேன். இரண்டு ராடுகள் இல்லை. வெல்டிங் கடையில் ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கி, நிமிர்த்தி, முனை வளைத்துப் போட்டேன். தந்தியின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைகிற சின்ன அலுமினியத் துண்டு, விரல் என்று அதற்குப் பெயர், பத்தில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. கடையில் கிடைக்கிற சாமானா அது? அலுமினியக் கட்டையில் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி நானே செய்தேன். முதலாவது தடிமனாகிவிட்டது. இரண்டாவது துளை போடும்போது உடைந்தது.

அன்றைக்குத்தான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் காலனிக் கோவில் மணி விரிசல் விட்டு, அடித்தால் தகரம் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். "இந்தக் கருவி பாடணும். அதை வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கைக்குப் போய்ச் சேரணும். வர்ற பணத்துல உனக்குப் புது மணி" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது துண்டு உட்கார்ந்துகொண்டது.

ஆனால் சுருதி சேர்ப்பது என் வேலை இல்லையே. எந்தத் தந்திக்கு எந்தச் சுரம் என்ற பட்டியலை மகள் இணையத்தில் இருந்து எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கீபோர்டு கற்றுக்கொண்டவள் என்பதால் அதை ச, ரி, க என்று மாற்றிச் சொன்னாள். அடுக்களையில் இருந்த என் மனைவியைக் கூப்பிட்டோம். அவள் கோவில் பஜனையில் பாடுகிறவள். பாட்டு யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. அவளிடம் இருப்பது ஒரு சின்ன மின்சார சுருதிப் பெட்டி, அவ்வளவுதான். அதை மூன்று கட்டைக்கு வைத்து, பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நான் தந்தியை மீட்டுவேன். அவள் கண்ணை மூடி அந்தச் சுரத்தைப் பாடி, "ஏத்துங்க... இன்னும்... நிறுத்துங்க" என்பாள். பிறகு பெடல். அழுத்தினால் பஞ்சமம் தைவதத்துக்கு ஏற வேண்டும், விட்டால் இம்மி பிசகாமல் பஞ்சமத்துக்கு இறங்க வேண்டும். அது எவ்வளவு தூரம் ஏறும் என்பதை ராடு முனையில் உள்ள சின்ன நைலான் நட்டுதான் தீர்மானிக்கும். நான் பெடலை மிதித்துக்கொண்டு நட்டைத் திருக, அவள் காது கொடுப்பாள். ஒரு வாரம் இப்படி. முடிந்ததும் எந்தத் தந்தி என்ன சுரம், எந்தப் பெடல் எதை எங்கே ஏற்றும் என்று ஒரு தாளில் தன் கையெழுத்தில் எழுதி, கருவியை வைக்க நான் செய்திருந்த பெட்டியின் மூடிக்குள் ஒட்டினாள்.

மகள் விளம்பரம் போட்டாள். பல மாதம் கழித்து ஷில்லாங்கில் இருந்து ஒருவர் பேசினார். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர். மடியில் வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார்தான் அவருக்குப் பழக்கம். பெடல் வைத்தது வேண்டும் என்பது வெகுநாள் ஆசையாம். ஒரு வேலையாக ஐதராபாத் வருகிறேன், ஒரு மதியம்தான் நேரம் என்றார்.

அவர் வருகிற அன்று காலையில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

நான் ஒர்க்‌ஷாப்பில் வளர்ந்தவன். கண்ணை நம்பாதே, கேஜை நம்பு என்றுதான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு மாத வேலை, வேண்டுதல் வேறு. வெறும் காதை நம்பி எப்படி விற்பது? ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம், சத்தத்தை அளக்க ஏதாவது கேஜ் உண்டா என்று கேட்டேன். "ஆப் உந்தி டாடி", ஆப் இருக்கிறது என்று பாதித் தெலுங்கில் சொல்லி, போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள். மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். சுரம் சரியாக இருந்தால் திரையில் ஒரு முள் நடுவில் நிற்கும், குறைந்தால் இடது பக்கம் சாயும். ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பார்த்தேன். ச, ப சரியாக இருந்தன. காந்தாரத் தந்தி இரண்டிலும் முள் நடுவுக்கு வரவில்லை, இடது பக்கமே நின்றது. பெடலை மிதித்தால் தைவதமும் அப்படியே. பாவம், அவளுக்குக் கொஞ்சம் பிசகிவிட்டது என்று நினைத்தேன். எல்லா முள்ளையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் மனசு கஷ்டப்படக்கூடாது என்று சொல்லவும் இல்லை.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மெதுவாக, இந்தியில் பேசினார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, முதலில் கருவியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். நான் ராடு, நட்டு, பெடல் எல்லாவற்றையும் காட்டினேன். இந்த விரல் பழசு இல்லை, நான் செய்தது என்று மறைக்காமல் சொன்னேன். "எல்லாம் என் கையால் ஆனது" என்றும் சொன்னேன். சுருதி சேர்த்தது யார் என்று சொல்லவில்லை. அது நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை.

பஜனைக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கரில் இணைத்து அவர் வாசித்தார். இரண்டு வரி. நிறுத்தினார். மறுபடி அதே இரண்டு வரி. முகம் சுருங்கியது. அவரே ஒரு முறுக்காணியைத் திருகிப் பார்த்தார். தந்தி சரியானது, பெடல் கெட்டது. பெடலுக்காகத் திருகினார், தந்தி கெட்டது. குனிந்து நான் செய்த விரலையே பார்த்தார்.

"வேலை அழகாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இது நிலையாக நிற்கவில்லை போலிருக்கிறது" என்றார்.

நான் போனை எடுத்து, பாருங்கள், காலையில் முள் சரியாக நடுவில் நின்றது என்றேன். அவர் தலையாட்டினார். யோசித்துவிட்டுப் போன் செய்கிறேன் என்றார். யோசித்துவிட்டுப் போன் செய்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவர் வாட்ச்சைப் பார்த்தார். இவரை விட்டால் இன்னொருவர் எப்போது வருவார்? முருகா, மணிக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் மனசில் ஓடியது.

அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி காபி டம்ளர்களோடு வந்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் வச்சது இப்படி இல்லியே. யாரு தொட்டது?"

ஒரு நிமிடம் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. தந்தி தளர்ந்திருக்கும் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்த மனிதர் என் விரலைச் சந்தேகப்பட்டது போல், நான் அவள் காதைச் சந்தேகப்பட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான்தான். போன்ல பாத்து மாத்திட்டேன்" என்றேன்.

"நல்லா இருக்குது. முப்பது வருஷமா குழம்புல உப்பு சரியான்னு என் நாக்கைத்தானே கேட்டீங்க. போன்லயா பாத்தீங்க?"

வந்தவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் சிரித்துவிட்டார். எந்த ஊர் மனைவியும் அந்தத் தொனியில்தான் பேசுவாள் போலிருக்கிறது.

அவள் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். நான் பழையபடி பெடலை மிதித்தேன், நட்டைத் திருகினேன். "இறக்குங்க... இன்னும் கொஞ்சம்... தாண்டிட்டீங்க, வாங்க பின்னால... அங்கதான்." அவள் மெல்லிய குரலில் காந்தாரத்தை நீட்டிப் பாட, தந்தி இறங்கி வந்து அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொண்டது. எது குரல், எது தந்தி என்று தெரியாத ஒரு நொடி வரும். அங்கே நிறுத்துவாள். அந்த மனிதர் காபியைத் தொடாமல் அவளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து அவர் மறுபடி உட்கார்ந்தார். சர்ச்சில் பாடுகிற ஏதோ ஒரு பாட்டு. என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. பெடலை அழுத்தியபோது பஞ்சமம் தைவதத்துக்கு ஏறியது, விட்டபோது தன் வீட்டுக்கு வருவது போல் வந்து உட்கார்ந்தது. எதிர்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டார். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், சாமி பாட்டு எந்த சாமிக்கானால் என்ன என்பது போல.

முடித்துவிட்டு அவர் தன் போனை எடுத்து என்னிடம் காட்டினார். காந்தாரத் தந்தியை மீட்டினார். முள் இடது பக்கம் நின்றது, காலையில் நான் பார்த்த அதே இடம். "என் கிட்டாரிலும் இது இங்கேதான் நிற்கும். இந்த முள்ளுக்குக் கீபோர்டின் கணக்குதான் தெரியும், காதுக்கு இனிக்கிற இடம் அதைவிட இம்மி கீழே. இதோடு எனக்கும் சண்டைதான்" என்றார். பிறகு மறுபடி குனிந்து, நீங்கள் செய்த விரல் எது என்று கேட்டார். காட்டினேன். சற்று முன் சொல்லியிருந்தும் அவரால் மற்ற ஒன்பதில் இருந்து அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு ஃபிட்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவர் பணத்தைக் கொடுத்த பிறகு பெட்டியை மூடும்போது, உள்ளே ஒட்டியிருந்த தமிழ்த் தாளைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். கிழித்துவிடலாமா என்று கையை வைத்தேன். என் கையைப் பிடித்துத் தடுத்தார். இது இருக்கட்டும், சுருதி கலைந்தால் உங்கள் மனைவிக்குப் போன் செய்து கேட்பேன் என்றார். சொன்னபடி இரண்டு முறை செய்தார். இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அடுப்பில் ரசம் கொதிக்க, ஷில்லாங்கில் இருக்கும் தந்திக்கு இங்கிருந்து காந்தாரம் பாடினாள். காலனியில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை.

மணி வாங்க இருவரும் செகந்திராபாத் போனோம். பாத்திரக்கடைக்காரர் தராசில் வைத்து, இதுதான் கனம், இதை எடுங்கள் என்றார். பழைய நானாக இருந்தால் கனத்தைப் பார்த்து எடுத்திருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மூன்றைத் தள்ளி வைத்தாள். நாலாவதைத் தட்டியதும் அது அடங்கும் வரை நின்றாள். "இது" என்றாள். எடை குறைவான மணி.

சாயங்கால பூஜையில் அந்த மணி ஒலிக்கும்போது எல்லோரும் முருகனைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். நானும் கூப்புகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு நொடி, பெண்கள் வரிசையில் கண்ணை மூடி நிற்கிற அவளைப் பெருமையாகப் பார்த்துவிட்டுத்தான் சாமி பக்கம் திரும்புகிறேன். அதற்கு முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று எனக்குத் தெரியும்.