மானிய அதிகாரிக்கு ஏப்ரன் மாட்டிய கண்டக்டர் அக்கா

கண்டக்டர் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய குரலைத்தான் சொல்ல வேண்டும். பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, தொண்டை ஓயவில்லை. எங்கள் தெருமுனையில் மூடிக்கிடந்த சலவைக் கடையை வாடகைக்குப் பிடித்து அதில் ஒரு பொதுச் சமையற்கூடம் தொடங்கினார். தரையில் தண்ணீர் ஓட வழி இருக்கிறது, சுவரெல்லாம் டைல்ஸ், கழுவித் தள்ள வசதி என்று கணக்குப் போட்டுப் பிடித்த இடம். வாசலில் யாராவது தயங்கி நின்றால் போதும். "உள்ள வாங்க, உள்ள வாங்க! வாசல்ல நிக்காதீங்க, உள்ள எடம் காலியா இருக்கு!" என்று ஒரு அதட்டல். பசியோடு வந்தவர் பயத்திலேயே உள்ளே வந்துவிடுவார்.

நானும் அப்படித்தான் உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் இரண்டு, அடுப்பில் பூனை தூங்குகிறது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். யாராவது "பாவம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தட்டை விசிறியடித்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். அக்கா பாவமும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு ஏப்ரனை என் கழுத்தில் மாட்டி, கேரட் கூடையை முன்னால் தள்ளி, "தோல சீவு. கதையெல்லாம் வேண்டாம்" என்றார்.

அங்கே அதுதான் சட்டம். வருகிறவர் யாரானாலும் ஏப்ரன் கட்ட வேண்டும், ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு, அக்கா மட்டும் நின்று பரிமாறுவார். வீட்டில் இருக்கிறவர்களுக்கு டப்பாவில். எதற்கு வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரும் அவர் மனைவியும் உருளைக்கிழங்கு வேக வைப்பார்கள். பக்கத்திலேயே தையல்காரர் ரொட்டி வெட்டுவார். யார் கொடுக்க வந்தவர், யார் வாங்க வந்தவர் என்று ஆண்டவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்குள் ஊகம் உண்டுதான். ஆனால் வாயைத் திறந்து பாருங்கள், அக்காவின் கரண்டி பேசும்.

ஜோராக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நொண்டியது. வாடகை ஏறியது, கேஸ் விலை ஏறியது, காய்கறி கொடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரி கையை விரித்துவிட்டார். அரசாங்க மானியம் கிடைத்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் மாதக் கடைசியில் பூட்டுதான். இல்லாத குடும்பங்களுக்குச் சாப்பாடு போடும் அமைப்புகளுக்கு அப்படி ஒரு மானியம் உண்டாம். விண்ணப்பித்தோம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. டைல்ஸில் முகம் தெரியும்வரை தேய்த்தோம். அதிகாரி வருகிற நாளில், இருக்கிறதிலேயே நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தோம். தையல்காரர் கோட்டே போட்டிருந்தார்! நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

காலையில் ஒரு ஒல்லி மனிதர் வாசலில் வந்து நின்றார். கசங்கின சட்டை, சேறு ஒட்டின செருப்பு, தோளில் பழைய பை. பார்த்தாலே சாப்பிட்டு நாளாயிற்று என்று தோன்றியது. அக்கா விடுவாரா?

"உள்ள வாங்க தம்பி! வாசல அடைக்காதீங்க!"

"இல்லம்மா, நான் வந்து..."

"இங்க யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். மொதல்ல இந்த ஏப்ரன மாட்டுங்க."

"அதில்லம்மா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"எல்லாரும் எதுக்கு வர்றாங்களோ அதுக்குத்தான் நீங்களும் வந்திருக்கீங்க. இந்தாங்க கத்தி. வெங்காயம் அங்க இருக்கு."

மனிதர் திருதிருவென்று முழித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "கூச்சப்படாதீங்க. மொத நாள் அப்படித்தான் இருக்கும். நானும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டுத்தான் வந்தேன்" என்றேன். தையல்காரர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "கவலப்படாதீங்க, சீக்கிரம் வேலை கெடச்சிடும்."

"எனக்கு வேலை இருக்குங்க."

"அப்படித்தான் சொல்லணும். மனச விட்டுடக் கூடாது!"

அவர் கத்தியை எடுத்தார். மலை மாதிரி குவிந்திருந்த வெங்காயத்தை அழுதுகொண்டே நறுக்கித் தள்ளினார். நல்ல பொடிப்பொடியாக நறுக்கினார், அதையும் சொல்ல வேண்டும்.

சூப் கொதித்து இறங்கியது. அதிகாரியைக் காணோம். அக்கா வாசலுக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தார். "சொன்ன நேரத்துக்கு வரத் தெரியல, இவனெல்லாம் ஒரு ஆபீசர்! இவன் வந்து நமக்குக் கிழிச்சான்!"

அப்போது வெங்காயக்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "அம்மா, இப்பவாவது நான் பேசலாமா?" என்று பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கா, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. டாக்டர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அதிகாரியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தப்பித்தோம், மானியம் கைக்கு வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா சாப்பாடு வாங்கற குடும்பங்கள் எங்க? காலையிலேர்ந்து பாக்கறேன், எல்லாரும் வேலை செய்யறவங்களாத்தான் இருக்கீங்க. கோட்டு போட்டவரு வேற இருக்காரு. தேவைப்படறவங்கள நான் கண்ணால பாக்கணும், அப்பதான் எழுத முடியும். கை தூக்கச் சொல்லுங்க, அது போதும்."

சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அது மட்டும் முடியாது சார்" என்றார் அக்கா. "இவங்கள நிக்க வச்சு கை தூக்கச் சொல்ல மாட்டேன். மானியம் இல்லன்னா போகட்டும்."

அதிகாரி ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! போகட்டுமாமே? என் பிள்ளைகள் எதைத் தின்னும்? "நில்லுங்க சார்!" என்று கத்தினேன். கையைத் தூக்கினேன், தோல் சீவுகிற கத்தியோடு. "என்னைய எழுதிக்கோங்க. என் வீட்டுக்காரருக்கு வேலை இல்ல. இங்கேர்ந்து டப்பா போகலன்னா எங்க வீட்டுல சாப்பாடு இல்ல. போதுமா?"

பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. தையல்காரர். "இந்தக் கோட்டு என்னுது இல்ல சார். தைக்கக் குடுத்தவரு இன்னும் வாங்கிட்டுப் போகல."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "எங்க வீட்டுல கரண்ட்ட கட் பண்ணிட்டாங்க, என்னைய மொதல்ல எழுதுங்க!" என்று பாத்திரம் கழுவுகிறவள் ஓடி வந்தாள். "உனக்குக் கரண்ட்தான் போச்சு, எங்களுக்கு வீடே போகப் போகுது, தள்ளு!" என்று அவள் நாத்தனார் முந்தினாள். அந்த வேகத்தில் பல் டாக்டரும் கையைத் தூக்கிவிட, அவர் மனைவி பட்டென்று அடித்து இறக்கினார். மறுபடி சிரிப்பு. இத்தனை நாள் மூடி மூடி வைத்ததைச் சத்தம் போட்டுச் சொன்னால் இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குள் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"நீங்க எதுக்குக்கா தூக்கறீங்க? கணக்கு தப்பாயிடப் போகுது" என்றேன் சிரிப்போடு.

"தப்பாகாது. என் பென்ஷன் இந்தக் கட்டட வாடகைக்கே சரியாப் போயிடுது. இங்க மிஞ்சினா சாப்பிடுவேன். மிஞ்சலன்னா தண்ணிய குடிச்சிட்டுப் படுத்துப்பேன்."

அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை. என் பிள்ளைகளுக்குப் போன டப்பாக்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

"மனுஷியாக்கா நீங்க? ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

"கேக்க விட்டீங்களா?"

அதிகாரி தலை நிமிராமல் கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தார். மானியம் அடுத்த மாதமே வந்தது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு அதிலெல்லாம் புத்தி போகவில்லை. அக்காவைத் தோளைப் பிடித்து அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரு கிண்ணம் நிறைய சூப் ஊற்றினேன். தையல்காரர் ரொட்டி வைத்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

அக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்துக் காலி செய்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.